பகடைப் பெட்டி: தோழரைச் சுடாத நெருப்பு

பகடை ஆட்டங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்லி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பொசுங்கிய வாசனை அடிக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கற்பனைச் சாகசம் செய்யும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் குழுக்களில் யாரோ ஒருவர் ஐந்தாம் நிலைக்கு உயர்ந்து, வெடித்துச் சுற்றியிருப்போரையெல்லாம் சுடும் ஃபயர்பால் மந்திரத்தைக் கற்றுக்கொள்கிறார். அவருடைய தோழர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நெருப்பை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஃபைட்டர். எதிரிகளுக்கு நடுவே போய் நிற்பது என் வேலை. விஸார்டாக, அதாவது மந்திரவாதியாக, ஆடும் நண்பன் ஒவ்வொரு சண்டையிலும் என்னையும் சேர்த்து ஃபயர்பால் போடுகிறான். கேட்டால், "பாதி சேதம்தானே" என்கிறான். தோழர்களை விட்டுவிட்டு எதிரிகளை மட்டும் சுட வழி இல்லையா?
— பொசுங்கிய ஃபைட்டர், சேலம்

முதலில் அந்தப் 'பாதி'யைப் பிரித்துப் பார்ப்போம். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவள் நான். "பாதிதானே" என்று யார் சொன்னாலும் கை தானாகப் பேனாவைத் தேடும்.

ஃபயர்பாலுக்கு ஆறு முகப் பகடைகள் எட்டை உருட்ட வேண்டும். சராசரியாக 28 புள்ளி சேதம். சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க நீங்கள் உருட்டும் பகடை, வென்றால்தான் அது 14 ஆகக் குறையும். நீங்கள் ஐந்தாம் நிலை ஃபைட்டர், கனமான இரும்புக் கவசம் அணிந்தவர், சுறுசுறுப்பைக் குறிக்கும் டெக்ஸ்டெரிட்டியில் கூட்டல் ஏதும் இல்லாதவர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் நண்பரின் இன்டெலிஜென்ஸ் 18 என்றால் நீங்கள் எட்ட வேண்டிய எண் 15. இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 30 சதவீதம். ஆகப் பத்தில் ஏழு தடவை உங்களுக்கு விழுவது பாதி அல்ல, முழுசு. உங்கள் உயிர்ப்புள்ளி 44 அளவில் இருக்கும். சொந்த நண்பரின் இரண்டு ஃபயர்பால் போதும், எதிரி கத்தியை உறையிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை.

வழி இருக்கிறது. விஸார்டுகளில் ஈவோகேஷன் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் என்ற திறமை கிடைக்கும். மந்திரத்தைப் போடும்போது, அதன் நிலையோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை பேரை அவர் காப்பாற்றலாம். ஆளின் நிலை வேறு, மந்திரத்தின் நிலை வேறு; ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம் என்பதால் நான்கு பேர். அதையே ஐந்தாம் நிலை ஆற்றலைச் செலவழித்துப் போட்டால் ஆறு பேர். காக்கப்பட்டவர் பகடையை உருட்டவே வேண்டாம், வென்றதாகக் கணக்கு. வென்றவருக்குப் பாதி சேதம் என்று சொல்லும் மந்திரமாக இருந்தால், இவருக்கு அந்தப் பாதியும் கிடையாது. நெருப்புக்கு நடுவே நீங்கள் நிற்பீர்கள், மீசை கருகாது.

இதற்கு விலை உண்டு. முதல் விலை, பிரிவையே அதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்யூஷன் பிரிவில் சேர்ந்துவிட்ட விஸார்டுக்கு இது கிடைக்காது. இரண்டாவது, ஈவோகேஷன் வகை மந்திரங்களுக்கு மட்டுமே செல்லும். ஃபயர்பால், லைட்னிங் போல்ட், கோன் ஆஃப் கோல்ட், ஷாட்டர், தண்டர்வேவ் எல்லாம் சரி. வலை விரிக்கும் வெப், நச்சுப் புகை கிளப்பும் கிளவுட்கில் இரண்டும் கஞ்சுரேஷன் வகை, அங்கே நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது, காப்பாற்றப்படுபவர் விஸார்டின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பதுங்கித் தாக்கும் ரோக் மாயமாய் மறைந்து நின்றால் விஸார்டால் காக்க முடியாது, ரோக் எங்கே என்று அவருக்கே தெரியாதே.

உங்கள் மேசையில் எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை. 2014 விதிப் புத்தகத்தில் இந்தத் திறமை இரண்டாம் நிலையிலேயே வந்துவிடும். 2024 புத்தகத்தில் ஆறாம் நிலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஃபயர்பாலோ இரண்டிலும் ஐந்தாம் நிலையில் வருகிறது. புதிய புத்தகத்தில் ஆடுபவர்களுக்கு ஐந்தாம் நிலை முழுவதும் நெருப்பு இருக்கும், கடிவாளம் இருக்காது. உங்கள் நண்பர் அந்த இடைவெளியில்தான் நிற்கிறார் என்று என் ஊகம். அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள், ஆனால் அவர் ஆறாம் நிலைக்கு வரும்போது வேறு எதையாவது ஆசைப்பட்டு வேறு வகுப்பில் ஒரு நிலை எடுத்துவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ளவர் போன்ற ஃபைட்டர்களைப் பற்றி நானும் ஒரு புகார் சொல்ல வேண்டும். நான் விஸார்ட். எதிரிகள் கும்பலாக நிற்கிறார்கள், அருமையான வாய்ப்பு. என் முறை வருவதற்குள் எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிப்போய் நடுவில் நிற்கிறார்கள். நான் என்ன செய்வது?
— தீயை மடியில் வைத்திருப்பவன், கோலாலம்பூர்

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லா ஃபைட்டர்களும் தியாகிகள் அல்ல.

ஃபயர்பால் 150 அடி தூரம் போகும், 20 அடி ஆரம் வெடிக்கும். எதிரியின் தலையில் குறி வைக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. கட்டம் போட்ட விரிப்பில் ஆடினால், கட்டங்கள் சந்திக்கும் ஏதாவது ஒரு முனையை மையமாக வைக்கலாம். எதிரிக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி மையத்தை வைத்துப் பாருங்கள். நெருப்பின் விளிம்பு எதிரியைத் தொட்டு, உங்கள் ஆளுக்கு முந்தைய கட்டத்தில் நின்றுவிடும். இதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், செலவும் இல்லை. எங்கள் மேசையில் ஒரு கம்பியை வட்டமாக வளைத்து வைத்திருக்கிறோம். அதை விரிப்பின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தாலே பாதிச் சண்டை வாயளவில் நின்றுவிடும்.

இரண்டாவது, வரிசை. 2024 விதிகளில் அலர்ட் என்ற சிறப்புத் திறன் எடுத்தவர், சண்டை தொடங்கும்போது தன் முறையைச் சம்மதிக்கும் ஒரு தோழரோடு மாற்றிக்கொள்ளலாம். ஃபைட்டரிடம் அதை எடுக்கச் சொல்லி, முந்தின முறையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும், "விஸார்ட் போட்டு முடித்ததும் நான் பாய்கிறேன்" என்று ஃபைட்டர் தன் செயலைத் தயாராக வைத்துக் காத்திருக்கலாம். ஃபைட்டர்களுக்கு இது பிடிக்காது. காத்திருந்து பாய்பவர் அந்தச் சுற்றில் வெட்டும் வாய்ப்பை இழப்பார். ஆனால் வெட்ட வேண்டிய ஆறு பேரில் நான்கு பேர் கரிக்கட்டையாக இருப்பார்களே.

மூன்றாவது, எரியாத ஆளை முன்னால் அனுப்புங்கள். என் அண்ணன் மகன் ஆடும் டீஃப்ளிங்குக்கு, அதாவது நரக ரத்தம் கலந்த இனத்தவருக்கு, பிறவியிலேயே நெருப்புச் சேதம் பாதிதான். சேவிங் த்ரோவும் வென்றால் பாதியில் பாதி: 28 என்பது 7 ஆகிவிடும். இன்ஃபெர்னல் வம்சத்து டீஃப்ளிங்குக்கு மட்டும்தான் 2024 புத்தகத்தில் இந்தச் சலுகை என்பதை நினைவில் வையுங்கள். ஏழாம் நிலையை எட்டிய ரோக் அல்லது கைச்சண்டைத் துறவியான மாங்க் என்றால் இன்னும் நல்லது. டெக்ஸ்டெரிட்டி பகடை வென்றால் சேதமே இல்லை, தோற்றால்தான் பாதி. அவர்கள் நெருப்பில் குளித்து எழுவார்கள்.

எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. நான் சோர்சரர், பிறவியிலேயே மந்திர ஆற்றல் உள்ளவள். தோழரைக் காக்கும் கேர்ஃபுல் ஸ்பெல் போட்டு ஃபயர்பாலை எறிந்தால் அண்ணனுக்குச் சேதமே இல்லை என்கிறேன். பாதி உண்டு என்கிறான் அவன். அவன்தான் ஆட்டத்தை நடத்துகிறான் என்பதால் அவன் சொல்வதே சட்டமாகிவிடுகிறது. நியாயம் சொல்லுங்கள்.
— தங்கை, மதுரை

அம்மாடி, நீங்கள் இரண்டு பேரும் சரி. ஒரே வீட்டில் இரண்டு புத்தகம் இருக்கிறது, அதுதான் தகராறு.

2014 புத்தகத்தில், கேர்ஃபுல் ஸ்பெல்லுக்கு ஒரு சோர்சரி புள்ளியைச் செலவழித்தால், உன் கரிஸ்மா கூட்டல் எண் அளவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் சேவிங் த்ரோவை வென்றதாகக் கணக்கு. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஃபயர்பாலில் வென்றவருக்குப் பாதி சேதம் என்பதால் அண்ணனுக்கு 14 விழும். 2024 புத்தகத்தில் அந்த விடுபட்ட வரியைச் சேர்த்துவிட்டார்கள்: வென்றால் பாதி என்ற இடத்தில் இவர்களுக்குச் சேதமே இல்லை. மேசையில் எந்தப் புத்தகம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய புத்தகம்தான் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால், பழைய புத்தகப்படியே அவனை வெல்லலாம். அதைச் சொல்கிறேன்.

பழைய கேர்ஃபுல் ஸ்பெல்லை ஃபயர்பாலில் செலவழிப்பதே வீண். வென்றால் ஒன்றுமே ஆகாத மந்திரங்களைத் தேடு. ஹிப்னாடிக் பேட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது, மூன்றாம் நிலை. 30 அடிக் கனசதுரத்துக்குள் வண்ணங்கள் சுழலும்; பார்த்தவர்கள் விஸ்டம் பகடையில் தோற்றால் மயங்கி நிற்பார்கள், நகரவும் மாட்டார்கள், தாக்கவும் மாட்டார்கள். வென்றால் எதுவும் இல்லை. ஆகவே ஒரே ஒரு புள்ளியில் உன் தோழர்கள் அத்தனை வண்ணத்துக்கு நடுவிலும் தெளிவாக நிற்பார்கள். எதிரிகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். ஹிப்னாடிக் பேட்டர்ன் இல்யூஷன் வகை என்பதால் ஈவோகேஷன் விஸார்டால் அதில் தோழர்களைக் காக்க முடியாது. அந்த இடத்தில் சோர்சரர்தான் ராணி.

ஒன்று கவனி. இதிலும் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸிலும் போடுபவர் தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாது. "மற்றவர்களை" என்றுதான் விதி சொல்கிறது. உன் காலடியில் நீயே ஃபயர்பால் போட்டுக்கொண்டு "நான் எனக்குக் கேர்ஃபுல்" என்று சொல்லாதே. அண்ணன் சிரிப்பான்.

கணினி ஆட்டங்களில் என் நெருப்பு என் தோழர்களைச் சுடுவதில்லை. மேசை ஆட்டத்தில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? பேசாமல் "எதிரிகளுக்கு மட்டும்" என்று எல்லா மந்திரத்தையும் மாற்றிவிட்டால் என்ன?
— நேரம் இல்லாதவர், சென்னை

எல்லாக் கணினி ஆட்டமும் அப்படி இல்லை. 1998-இல் வந்த பால்டர்ஸ் கேட் ஆட்டத்தில் ஃபயர்பால் போட்டுத் தன் குழுவையே சாம்பலாக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2023-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸுக்கு எண்ணிக்கை வரம்பே வைக்கவில்லை, தோழர்கள் எத்தனை பேரானாலும் தப்பிவிடுவார்கள். அங்கே மந்திரங்களை எறிவது சுகமாக இருக்கிறது என்பது உண்மை. நானும் எறிந்திருக்கிறேன்.

இந்தத் தொல்லை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்குக் கோபம் குறையலாம். 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற போர் ஆட்ட விதிகளை வெளியிட்டார்கள். பொம்மைச் சிப்பாய்களை மேசையில் அணிவகுத்து ஆடும் ஆட்டம். அதன் பின்பகுதியில் மந்திரவாதிகள் வந்தார்கள்; அவர்களுடைய நெருப்புப் பந்து, கல் எறியும் பெரிய கவண் பொறி எவ்வளவு பரப்பைத் தாக்குமோ அவ்வளவு பரப்பைத் தாக்கும் என்று விதி. பீரங்கியும் கவணும் ஆளைப் பார்த்து விழுவதில்லை. 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அந்தக் கவண் பொறி அப்படியே குகைக்குள் நுழைந்துவிட்டது.

குகைக்குள் நுழைந்ததுதான் வினை. 1978-ஆம் ஆண்டின் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஃபயர்பால் ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும் என்று எழுதியிருந்தது. வெட்டவெளியில் அது 20 அடி ஆர உருண்டை. பத்து அடி அகலம், பத்து அடி உயரமுள்ள சுரங்கப் பாதையில் போட்டால்? கணக்குப் போடுங்கள்: 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும். அறுபது அடி தள்ளி நிற்கும் ஓநாய்க் கூட்டத்துக்குப் போட்டால், அது திரும்பிவந்து எறிந்தவனின் புருவத்தையும் எடுத்துக்கொண்டு போகும். லைட்னிங் போல்ட் சுவரில் பட்டுத் திரும்பும். அந்தக் காலத்து விஸார்ட் மந்திரத்தைப் படித்தானோ இல்லையோ, கன அளவைப் படித்திருந்தான்.

உங்கள் யோசனையை யாரும் செய்து பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் ஒவ்வொரு திறமைக்கும் கீழே இலக்கு என்று ஒரு வரி இருந்தது. பலவற்றில் "ஒவ்வோர் எதிரியும்" என்றே போட்டார்கள், தெய்வ அருளால் மந்திரம் செய்யும் கிளெரிக்கின் திறமைகளில் குறிப்பாக. ஆனால் அதே பதிப்பிலும் ஃபயர்பாலின் வரி "ஒவ்வோர் உயிரும்" என்றுதான் இருந்தது. அதை மாற்ற அவர்களுக்கே மனம் வரவில்லை.

எனக்கும் வராது. எல்லா மந்திரமும் ஆளைப் பார்த்துச் சுட்டால் விஸார்டின் முறை வந்ததும் மற்றவர்கள் எழுந்துபோய்க் காபி போடலாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எவரும் விரிப்பைப் பார்க்க வேண்டியதில்லை. தோழரைக் காக்கும் வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலவசமாக வேண்டாம் என்கிறேன். விதி எழுதுபவர்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். 2000-இல் தொடங்கிய மூன்றாம் பதிப்பின் காலத்தில் ஆர்ச்மேஜ் என்ற உயர்ந்த மந்திரவாதி, நெருப்புக்குள் ஐந்தடி ஐந்தடியாக ஓட்டைகள் விட்டுத் தோழர்களை அங்கே நிற்க வைக்கலாம். அதற்கு ஆறாம் நிலை மந்திரத்துக்கான இடம் ஒன்றை நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் முதல் பதிப்பில் செலெக்டிவ் ஸ்பெல் என்று ஒரு திறன். சிலரை விலக்கலாம், ஆனால் மந்திரத்தை ஒரு நிலை மேலே ஏற்றிப் போட வேண்டும். அடமானம் இல்லாமல் கடன் இல்லை.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்லீப் மந்திரத்துக்கு 2024-இல் செய்த மாற்றம். பழைய ஸ்லீப் 20 அடி ஆரத்தில் தோழர், எதிரி பார்க்காமல் தூங்க வைத்தது. புதியதில் போடுபவர் தேர்ந்தெடுப்பவர்கள் மட்டுமே மாட்டுவார்கள். விலை என்ன தெரியுமா? ஆரம் ஐந்தடியாகச் சுருங்கிவிட்டது.

நம் புராணங்களின் அஸ்திரங்களில் இப்படித் தோழரை விட்டு எதிரியை மட்டும் தாக்கும் வகை உண்டா? எங்கள் குழுவில் பெரிய விவாதம்.
— இதிகாசப் பைத்தியம், தஞ்சாவூர்

நல்ல விவாதம். விராட பருவத்தில் மாடு மீட்கப் போன அர்ச்சுனன் கௌரவர் படை மேல் சம்மோகன அஸ்திரத்தை விடுகிறான். மொத்தப் படையும் மயங்கி நிற்கிறது. பக்கத்திலேயே தேரில் இருக்கும் உத்தரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப்போய் மயங்கிய வீரர்களின் மேலாடைகளைச் சேகரித்து வருகிறான், தங்கை உத்தரை பொம்மைகளுக்குத் துணி கேட்டிருந்தாளே. போகும்போது அர்ச்சுனன் அவனை எச்சரிக்கிறான்: பீஷ்மர் பக்கம் போகாதே, அவருக்கு இதற்கு மாற்று தெரியும். ஹிப்னாடிக் பேட்டர்ன், கேர்ஃபுல் ஸ்பெல், சேவிங் த்ரோவை வென்ற ஒரு கிழவர் என்று மேசை மொழியில் அப்படியே எழுதிவிடலாம்.

துரோண பருவத்தின் நாராயண அஸ்திரம் வேறு தினுசு. அது தோழர், எதிரி பார்ப்பதில்லை. ஆயுதத்தைக் கீழே போட்டுத் தேரிலிருந்து இறங்கியவரை விட்டுவிடும், எதிர்ப்பவரை மேலும் மூர்க்கமாகத் தாக்கும். பீமன் இறங்க மறுக்கிறான். கண்ணனும் அர்ச்சுனனும் அவனை இழுத்துக் கீழே போட வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு மந்திரத்தை உங்கள் மேசையில் வையுங்கள்: யார் தப்புவது என்பதைப் போடுபவர் முடிவு செய்ய மாட்டார், அடிபடுபவர் முடிவு செய்வார். உங்கள் குழுவில் பீமன் யார் என்று ஒரே சுற்றில் தெரிந்துவிடும்.

நான் கிளெரிக். என்னைச் சுற்றிக் காவல் தேவதைகளை வரவழைத்துத் தாக்கும் ஸ்பிரிட் கார்டியன்ஸ் போட்டு நிற்கும்போது எங்கள் விஸார்டின் ஆந்தை பறந்து வந்து செத்துப்போனது. தோழர்களை விலக்கியிருந்தேனே என்றால் ஆட்டத்தை நடத்துபவர் கேட்கவில்லை. ஆந்தை தோழர் இல்லையா?
— ஆந்தைக்காக அழுபவர், டொரன்டோ

ஆந்தை தோழர்தான். நீங்கள் பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிட் கார்டியன்ஸில் எத்தனை பேரையும் விலக்கலாம், எண்ணிக்கை வரம்பு இல்லை. மூன்றாம் நிலை மந்திரத்தில் இவ்வளவு தாராளம் அபூர்வம். ஆனால் விலக்குவது மந்திரத்தைப் போடும் அந்த நொடியில் மட்டுமே, கண்ணுக்குத் தெரிபவர்களை மட்டுமே. அப்போது ஆந்தை வேவு பார்க்கக் கூரைக்கு மேலே போயிருந்தால் அது பட்டியலில் இல்லை. பிறகு வந்து சேரும் தோழர், பின்னால் வரவழைத்த மிருகம், கதவைத் திறந்துகொண்டு உதவிக்கு வரும் ஊர்க்காவலர் எல்லோரும் உங்கள் தேவதைகளுக்கு அந்நியர்கள். எட்டு முகப் பகடை மூன்று, சராசரி 13-க்கு மேல். ஆந்தைக்கு ஓர் உயிர்ப்புள்ளி. பாதியானாலும் போதும். பத்து நிமிடம் நீடிக்கும் மந்திரம் என்பதால் இந்த ஆபத்து சண்டை முடியும்வரை உங்களைச் சுற்றிக்கொண்டே வரும். விஸார்ட் கொஞ்சம் பொன்னும் நேரமும் செலவழித்தால் ஆந்தை திரும்பி வந்துவிடும், ஆகவே அழ வேண்டாம்.

இதன் விலை உங்கள் உடம்பு. நெருப்பைத் தூரத்தில் எறிந்துவிட்டு ஒளிவதற்கு வழியில்லை. 15 அடி வட்டம் உங்களைச் சுற்றித்தான், எதிரிகளுக்கு நடுவே நீங்களே நடக்க வேண்டும். அடிபடும்போதெல்லாம் கவனம் சிதறாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் தேவதைகள் மறைந்துவிடுவார்கள். தாராளமாக விலக்கவிட்ட விதி இந்த இடத்தில் வசூல் செய்துகொள்கிறது.

நான் ஆட்டத்தை நடத்துபவன். ஓலை வேய்ந்த மண்டபம், உள்ளே ஏழு கொள்ளையர், அவர்கள் பிடித்து வைத்திருக்கும் பதினொரு கிராமத்தார். எங்கள் ஈவோகேஷன் விஸார்டால் நான்கு பேரைத்தான் காக்க முடியும். அவர் என்ன செய்வார், நான் எப்படி நடத்துவது?
— திரைக்குப் பின்னால் இருப்பவன், கோவை

பொல்லாத ஆள் நீங்கள். இந்த மாதத்தின் சிறந்த கடிதம் இதுதான்.

சாதாரணக் கிராமத்தாருக்கு 2014 விதிப்படி நான்கு உயிர்ப்புள்ளி. பாதிச் சேதமான 14 விழுந்தாலும் செத்தார்கள். ஆகவே காக்கப்பட்ட நால்வர், சாம்பலான எழுவர். விஸார்ட் ஐந்தாம் நிலை ஆற்றலைச் செலவழித்தால் அறுவர், ஐவர். தோழர்களில் யாராவது உள்ளே நின்றால் அவர்களும் இந்த எண்ணிக்கைக்குள்தான் வர வேண்டும். திரைக்குப் பின்னால் கட்டிப்போட்டிருக்கும் கிழவியை விஸார்ட் பார்க்க முடியாது, காக்கவும் முடியாது. ஆனால் 2014 விதியில் ஃபயர்பால் மூலை திரும்பிப் போகும், கிழவியைக் கண்டுபிடிக்கும். இன்னொன்று, யாரும் அணியாத, கையில் வைத்திராத எரியும் பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்று அந்த மந்திரத்திலேயே எழுதியிருக்கிறது. ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் ஆட்களைக் காக்கும், கூரையைக் காக்காது. காப்பாற்றப்பட்ட நால்வர் தலையில் எரியும் ஓலை விழ எத்தனை சுற்று ஆகும் என்று நீங்கள் முடிவு செய்து, விஸார்ட் பகடையைத் தொடும் முன் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது வஞ்சனை.

யாராவது பழைய ஸ்லீப் போட முயன்றால் உங்களுக்கு நல்ல வேடிக்கை. எட்டு முகப் பகடை ஐந்து, சராசரியாக 22 புள்ளி அளவுக்குத்தான் தூக்கம் கிடைக்கும். குறைந்த உயிர்ப்புள்ளி உள்ளவரிலிருந்து அது பங்கிடப்படும். எல்லாத் தூக்கமும் கிராமத்தாருக்கே போய்விடும். கொள்ளையர் விழித்திருந்து, ஏன் இவர்கள் திடீரென்று குறட்டை விடுகிறார்கள் என்று யோசிப்பார்கள்.

உங்கள் விஸார்ட் கெட்டிக்காரர் என்றால் ஸ்லோ மந்திரத்தை எடுப்பார். 40 அடிக் கனசதுரத்துக்குள் ஆறு பேரைப் பெயர் சொல்லிப் பிடிக்கலாம், மற்றவரைத் தொடாது. ஏழாவது கொள்ளையனுக்கு ஃபைட்டர் இருக்கிறார். இல்லாவிட்டால் ஹிப்னாடிக் பேட்டர்னைப் போட்டு எல்லாரையும் மயக்கிவிடலாம். கிராமத்தாரும் மயங்குவார்கள், ஆனால் அவர்களுக்கு ஒரு கீறலும் விழாது. தோழரைக் காக்கும் வழிகளில் இதை யாரும் நினைப்பதில்லை: தோழர் மேல் விழுந்தாலும் வலிக்காததை எறிவது.

கொள்ளையர் பக்கம் ஒரு மந்திரவாதியை வைக்கப் போகிறீர்களா? எதிரிகளின் விவரம் தரும் 2014 மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்தில் உள்ள மேஜ் என்ற மந்திரவாதிக்கு ஃபயர்பால் தெரியும், தன் ஆட்களைக் காக்கும் திறமை கிடையாது. அவன் அதைத் தன் அடியாட்கள் மேலேயே எறிகிறானா, தயங்குகிறானா என்பதை வைத்து அவன் யார் என்று வசனமே இல்லாமல் காட்டிவிடலாம். எறிந்தால், மிஞ்சிய அடியாட்கள் அடுத்த சுற்றில் யார் பக்கம் நிற்பார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள்.

வால் ஆஃப் ஃபயரும் ஈவோகேஷன்தானே? ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் செல்லுமா?
— அவசரக்காரர், திருநெல்வேலி

சுவர் எழும்பும் நொடியில் செல்லும். அப்போது சேவிங் த்ரோ இருக்கிறது, காக்கப்பட்டவருக்குச் சேதம் இல்லை. அதற்குப் பிறகு சுவருக்குள் நுழைந்தாலும், சூடான பக்கத்தில் பத்து அடிக்குள் முறையை முடித்தாலும் விழும் சேதத்துக்குச் சேவிங் த்ரோவே கிடையாது. இல்லாத பகடையை எப்படி வெல்வது? நகர்ந்து நில்லுங்கள்.

இந்த விதிகளையெல்லாம் படிக்க விலை உயர்ந்த புத்தகம் வாங்க வேண்டுமா? மாணவர்கள் நாங்கள்.
— நான்கு பேர், ஒரே விடுதி, வேலூர்

வேண்டாம். அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். 2014 விதிகளுக்கு உரியது எஸ்.ஆர்.டி. 5.1 என்ற தொகுப்பு, 2023 ஜனவரியில் இந்த உரிமத்துக்கு வந்தது. 2024 விதிகளுக்கு உரிய 5.2 தொகுப்பு 2025-இல் வந்தது. அவற்றில் விஸார்டுக்குக் கொடுத்திருக்கும் ஒரே பிரிவு ஈவோகேஷன்தான், ஆகவே ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் இரண்டிலும் முழுசாக இருக்கிறது. ஃபயர்பால், ஸ்லோ, ஹிப்னாடிக் பேட்டர்ன், ஸ்பிரிட் கார்டியன்ஸ், கேர்ஃபுல் ஸ்பெல் எல்லாமும் உண்டு. நான்கு பேரும் ஒரே தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். மதுரைத் தங்கையின் கடிதத்தை மேலே பார்த்தீர்கள்.